நாசிக்கின் புது ஒயின் சீசன்: கிளாஸில் இருப்பது என்ன, விலையில் இருப்பது என்ன?

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை மதியம். நாசிக்கிலிருந்து திண்டோரி போகும் வழியில் ஒரு சின்ன ஒயின் ஆலை. வெளியே விட்டுவிட்டு மழை. உள்ளே ஒரு நீள மேசை, ஐந்து பேர், ஆளுக்கு நான்கு கிளாஸ். ஆலை இந்தப் பருவத்தில் வெளியிட்ட நான்கு ஒயின்களையும் வரிசையாக ருசி பார்க்கப் போயிருந்தோம்.

எங்களைக் கூப்பிட்டவர் நாசிக் மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நண்பர். "புதுசு வந்திருக்கு, வாங்க" என்றுதான் போனில் சொன்னார். போய் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான காரணம் தெரிந்தது. அவருடைய அப்பா திராட்சை விவசாயி. அப்பாவிடம் இந்த ஆலைக்காரர்கள் வந்து, 2 ஏக்கரில் ஒயின் திராட்சை போட முடியுமா, ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா ஏற்கெனவே ஒருமுறை ஒயின் திராட்சை போட்டு, 2010-இல் வேரோடு பிடுங்கியவர். அவர் மது தொடுவதில்லை. "காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கணும். அப்புறம்தான் அப்பாகிட்ட பேசணும்" என்றார் நண்பர்.

ஆக, ருசி பார்க்க வந்த எங்களுக்கு ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கு மேசையில் எழுந்த கேள்விகளையே இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் எப்படிப் புது ஒயின் வரும்?

ஒயின் என்றாலே பிரான்ஸ், இத்தாலி நினைவுக்கு வரும். அங்கே கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. பிரான்ஸின் போஜொலே நூவோ என்ற இளம் ஒயின் நவம்பர் மாத மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியாகும். அறுவடை முடிந்து சில வாரங்களே ஆகியிருக்கும்.

நாசிக் கணக்கு வேறு. இங்கே கொடியைத் தூங்க வைக்கிற குளிர் இல்லை. விட்டால் வருஷம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அதை அடக்கி ஆள்வது கவாத்துதான். வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து. அதில் வரும் கிளைகள் பழம் தருவதற்கு இல்லை, அடுத்த பழத்துக்கான மொட்டுகளை உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்வதற்கு. மழைக்காலம் ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. அதன்பின் வருகிற துளிரில்தான் பூவும் காயும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை.

அதாவது ஐரோப்பியக் கொடி தூங்கும் மாதங்களில் நம் கொடியில் பழம் பழுக்கிறது. நாசிக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நல்ல குளிர் இருக்கும். பகலில் வெயில் சர்க்கரையைச் சேர்க்கும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒயினுக்கு ஏற்ற பழம். ஏப்ரல் வெயிலில் அறுத்தால் பழம் இனிக்கும், ஆனால் அதில் வருகிற ஒயின் சப்பென்று இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்று உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் மாற்றி ஒரு தோட்டமாக வருஷம் பூராவும் பன்னீர் திராட்சை அறுவடை நடக்கும். கவாத்து எப்போதோ, கணக்கு அப்போதிலிருந்து. நாசிக்கில் ஒயினுக்கு விளைவிப்பவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. குளிர் இருக்கும் அந்த மூன்று மாதத்துக்குள் பழம் வந்தாக வேண்டும்.

பாட்டிலில் போட்டிருக்கும் வருஷம் எதைச் சொல்கிறது?

பழம் பறித்த வருஷத்தைத்தான். பாட்டிலில் அடைத்த வருஷத்தையோ கடைக்கு வந்த வருஷத்தையோ அல்ல.

எங்கள் முன் இருந்த நான்கில் மூன்று அந்த வருஷத்துப் பழம்: ஷெனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளை ஒயின்கள், பிறகு ஷிராஸ் பழத்தில் செய்த இளஞ்சிவப்பு ரோஸே. நான்காவதான சிவப்பு ஷிராஸ் மட்டும் முந்தைய அறுவடை. "அப்ப இது எப்படி புது ரிலீஸ்?" என்று சென்னைக்கார நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி.

வெள்ளை ஒயினுக்கு, பழத்தைப் பிழிந்து தோலை உடனே நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் குளிர்ந்த எஃகுத் தொட்டியில் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் சர்க்கரை ஆல்கஹாலாக மாறிவிடும். தெளியவிட்டு வடிகட்டினால் நான்கைந்து மாதத்தில் பாட்டிலுக்குத் தயார். ரோஸேவுக்குக் கறுப்புத் திராட்சையின் தோல் சில மணி நேரம் மட்டும் சாற்றில் ஊறும், அந்த நிறம் அப்படி வருவதுதான். சிவப்பு ஒயினில் தோலும் கொட்டையும் சேர்ந்தே நொதிக்கும். பிறகு பெரும்பாலும் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் சிவப்பு பெரும்பாலும் பின்தங்கித்தான் வெளியே வரும்.

வருஷத்தைப் பார்ப்பதால் வாங்குகிறவருக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. சாவிஞான் பிளாங்க் மாதிரியான எளிய வெள்ளை ஒயின்களின் உயிரே அந்தப் பச்சை வாசனைதான். ஒன்றிரண்டு வருஷத்தில் அது மங்கிவிடும். கடை அலமாரியில் நான்கு வருஷம் பழைய வெள்ளை ஒயின் நின்றால், "பழசு ஆக ஆகத்தான் ஒயின் நல்லது" என்ற நம்பிக்கையில் எடுத்துவிடாதீர்கள். அது மிகச் சில ஒயின்களுக்கே பொருந்தும். அதுவும் குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைத்திருந்தால் மட்டும். நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத குடோனில் ஒரு கோடை கிடந்த பாட்டிலுக்கு வயது ஒரு தகுதியே அல்ல.

வருஷத்துக்குள் வானிலையும் இருக்கிறது. 2023 நவம்பர் கடைசியில் நாசிக் மாவட்டத்தில் பருவம் தப்பிய மழையும் ஆலங்கட்டியும் பெய்தன. அக்டோபரில் கவாத்து செய்த தோட்டங்கள் அப்போது பூவும் பிஞ்சுமாக இருந்தன. அந்தக் கொடிகளில் தப்பிப் பிழைத்த பழம்தான் 2024 என்று லேபிளில் வருகிறது. நான்கு இலக்கம்தானே என்று நாம் தாண்டிப் போகிற எண், ஒரு விவசாயிக்கு அந்த வருஷத்துக் கதை.

ருசி பார்ப்பது எப்படி? "கூஸ்பெர்ரி" வாசனை தெரியாதவர்கள் என்ன செய்வது?

எங்களில் ஒருவர், பெங்களூரிலிருந்து வந்த தோழி, ஒயின் ருசி பற்றி முறையாகப் படித்தவர். வெள்ளையில் ஆரம்பித்து, ரோஸே, கடைசியில் சிவப்பு என்று வரிசை வைத்தது அவர்தான். கனமானதை முதலில் குடித்தால் மெல்லியது நாக்கில் ஏறாது. ஒவ்வொன்றிலும் 50 மில்லி. கிளாஸைத் தண்டில் பிடித்து ஒரு சுழற்று, மோந்து பார், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படர விடு. அவ்வளவுதான். கிளாஸ் சுவரில் கண்ணீர் மாதிரி வழிகிற கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்வதெல்லாம் சும்மா. அது ஆல்கஹாலும் நீரும் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதால் வருவது.

சிக்கல் மொழியில் வந்தது. ஆலை கொடுத்த அட்டையில் கூஸ்பெர்ரி, எல்டர்ஃப்ளவர், பிளாக்கரன்ட் என்று எழுதியிருந்தது. மேசையில் இருந்த ஒருவரும் இவற்றில் எதையும் வாழ்க்கையில் மோந்து பார்த்ததில்லை. ஐரோப்பியத் தோட்டத்தின் பட்டியலை நாசிக்கில் அச்சடித்துக் கொடுத்தால் எப்படி?

அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தெரிந்த வாசனைகளைச் சொல்ல ஆரம்பித்தோம். சாவிஞான் பிளாங்கில் குடைமிளகாயை நறுக்கினால் வருகிற வாசனை, கூடவே செங்காயாக இருக்கும் கொய்யா. முதலாவது வெறும் கற்பனை இல்லை. பைரசின் என்ற சேர்ம வகை குடைமிளகாயிலும் இந்தப் பழத்திலும் உண்டு. ஷிராஸில் மிளகு வாசனை. அதற்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அடையாளம் கண்டார்கள். நம் ரசத்தில் போடுகிற மிளகில் இருப்பதும் அதேதான். பீப்பாயில் கிடந்த சிவப்பு ஒயினில் வெனிலாவும் லேசாகத் தேங்காயும் தெரிந்தால், அவை ஓக் மரத்திலிருந்து வந்தவை. பன்னீர் திராட்சைக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். மஸ்கட் வகைப் பழங்களில் இருக்கும் ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது.

சுவையைச் சொல்வதில் நமக்கு ஒரு அனுகூலமும் உண்டு. சிவப்பு ஒயினில் டானின் என்கிறார்களே, நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கிற அந்த உணர்வு, ஆங்கிலத்தில் அதை விளக்கப் பலர் பாடுபடுகிறார்கள். தமிழில் ஒரே சொல்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறோம். நாவல்பழம் தின்ற நாக்கு எப்படி இருக்குமோ, அப்படி. சென்னை நண்பன் ஷிராஸை ஒரு வாய் குடித்துவிட்டு, "டேய், இது வாழைப்பூவை ஆயாம அப்படியே கடிச்ச மாதிரி இருக்குடா" என்றான். அந்த மதியத்தின் மிகத் துல்லியமான விமர்சனம் அதுதான் என்று தோழி ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஷிராஸை அறை வெப்பத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற விதி, 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறையில் பிறந்தது. 30 டிகிரியில் பழ வாசனை போய் ஸ்பிரிட் வாசனைதான் மூக்கில் ஏறும். கேட்டு வாங்கி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தோம். வேறு ஒயின் மாதிரி இருந்தது. திருகு மூடி போட்ட பாட்டில் என்றால் மட்டம் என்ற எண்ணமும் இப்படியொரு பழைய பாக்கிதான். இளமையாகக் குடிக்க வேண்டிய ஒயினுக்குக் கார்க்கைவிடத் திருகு மூடி பாதுகாப்பானது.

மார்க் போட்டால் நம்பலாமா?

எண்களோடு வேலை செய்கிறவன் என்பதால் நான் சும்மா இருக்கவில்லை. பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் எழுதி, எல்லோரையும் பத்துக்கு மார்க் போடச் சொன்னேன். யாருக்கும் சொல்லாமல் ஷெனின் பிளாங்கை இரண்டு தடவை, வேறு வேறு எண்ணில் ஊற்றினேன்.

சென்னை நண்பன் முதல் தடவை அதற்கு 5 கொடுத்தான். "தண்ணி மாதிரி இருக்கு." இரண்டாம் தடவை 8. "இது பரவாயில்லையே, இது என்ன விலை?" ஒயின் படித்த தோழி 7, 6 என்று கொடுத்தார். என்னுடையதைச் சொல்லப் போவதில்லை.

இதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஒயின்களுக்குப் பதக்கம் தருகிற நடுவர்களையே ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் சோதித்தார். அவரே ஒயின் தயாரிப்பவர், புள்ளியியல் தெரிந்தவர். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்கு மூன்று முறை, அவர்களுக்குத் தெரியாமல் கொடுத்தார். 2008-இல் வெளியான முடிவின்படி, மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரவரிசை கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அதே 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு, விலை தெரியாமல் நடந்த 6,000-க்கும் மேற்பட்ட ருசிப்புகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கு விலை கூடிய ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. பிரான்ஸில் 2001-இல் வெளியான சோதனை இன்னும் பிரபலம்: வெள்ளை ஒயினில் சிவப்பு நிறம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். மூக்கைவிடக் கண் முந்திக்கொள்கிறது.

எல்லாம் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, கெட்டுப்போன வாடை, இவற்றைப் பழகியவர்கள் தெளிவாகவே கண்டுபிடிக்கிறார்கள். நம்ப முடியாதது அந்த ஒற்றை எண்தான். 91-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சோதனையில் அசத்தியவர் யார் தெரியுமா? வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் ஒரு சொட்டும் குடிக்காமல், வெறுமனே மோந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாவது நண்பர். இரண்டு கிளாஸும் ஒன்றுதான் என்று சொன்னவர் அவர் ஒருவரே.

இதில் எவ்வளவு ஆல்கஹால்?

ருசி பார்ப்பதுதானே என்று இதைக் குறைத்து நினைக்கிறோம். 13 சதவீத ஒயின் 50 மில்லியில் சுமார் 5 கிராம் ஆல்கஹால். நான்கு கிளாஸுக்கு 20 கிராம். 42.8 சதவீத விஸ்கி 30 மில்லி அளவில் இரண்டு பெக் குடித்தால் உள்ளே போவதும் அதே அளவுதான். மேசையில் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் இருந்தது. அது அலங்காரத்துக்கு அல்ல. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. ஒயின் என்பதால் இதில் விலக்கு இல்லை.

ஒரே பாட்டிலுக்கு ஏன் மாநிலத்துக்கு மாநிலம் விலை?

எனக்குப் பிடித்த ரோஸேயை வீட்டுக்கு வாங்கலாம் என்று கேட்டேன். இது ஆலையைத் தவிர மகாராஷ்டிராவில் சில கடைகளில்தான் கிடைக்கும் என்றார்கள். "பெங்களூருக்கு வராதா?" என்று தோழி கேட்டார். வராது.

காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஏழாவது அட்டவணைப்படி மது என்பது மாநிலப் பட்டியல். ஜிஎஸ்டி வந்தபோதும் மனிதர் அருந்தும் மது வெளியேதான் நிறுத்தப்பட்டது. ஆகவே மது விஷயத்தில் இந்தியா ஒரே சந்தை அல்ல, ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனிச் சந்தை. கலால் வரி வேறு, வாட் வேறு, விற்கும் முறையும் வேறு. தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, விற்கப்போகும் ஒவ்வொரு லேபிளையும் அந்தந்த மாநிலத்தில் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். சில ஆயிரம் பாட்டில் மட்டும் போடுகிற ஒரு சீசன் ஒயினுக்கு இந்தக் கட்டணமே கட்டுப்படியாகாது. சின்ன ஆலைகளின் நல்ல பரிசோதனைகள் ஆலையின் ருசி அறையிலேயே முடிந்துபோவது இதனால்தான்.

மகாராஷ்டிரா மட்டும் இதில் வேறு பாதை எடுத்தது. 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கையைக் கொண்டுவந்து, மாநிலத்தில் தயாராகும் ஒயினுக்குக் கலால் வரி விலக்கு கொடுத்தது. பிறகு, 20 சதவீத வாட்டில் 16 சதவீதத்தை ஆலைகளுக்கே திருப்பித் தரும் திட்டமும் வந்தது. கர்நாடகம் 2007-இல் தன் ஒயின் கொள்கையை அறிவித்தது. நாசிக்கில் 1999-இல் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்குப் போனது என்றால், அதன் பின்னணியில் இந்தச் சலுகைகளும் உண்டு. அவருக்கு முன்பே நாராயண்காவில் சாம்ராவ் சௌகுலேயின் இண்டேஜும், பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவரும் பாதை போட்டிருந்தார்கள்.

வெளிநாட்டு ஒயினுக்கு எதிரான அரண் 150 சதவீத இறக்குமதி வரி. அதில் விழுந்த முக்கியமான ஓட்டை ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம். 2022 டிசம்பர் 29 முதல், 5 டாலருக்கு மேற்பட்ட விலையில் வரும் ஆஸ்திரேலிய பாட்டிலுக்கு வரி 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதமாகவும் குறைந்தது. பத்து ஆண்டுகளில் இவை முறையே 50, 25 சதவீதம் வரை இறங்கும். ஷிராஸ் ஆஸ்திரேலியாவின் கோட்டை. நாசிக் ஷிராஸ் அதோடு ஒரே அலமாரியில் நிற்க வேண்டிய காலம் வருகிறது.

விவசாயிக்கு இதில் என்ன?

நண்பரின் அப்பாவிடம் வருவோம்.

இந்தியாவில் விளையும் திராட்சையில் ஒயினுக்குப் போவது ஒன்றிரண்டு சதவீதம்தான். மீதி சாப்பிடவும் உலர் திராட்சைக்கும். ஒயின் திராட்சை சின்னதாக, கொட்டையோடு, தடித்த தோலோடு இருக்கும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருப்பதால் ஒயினுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்க ஆள் ஒரே ஒருவர்: ஒப்பந்தம் போட்ட ஆலை.

நன்மையும் உண்டு. ஏற்றுமதித் திராட்சைக்குக் காயின் பருமன், நிறம், தழும்பு எல்லாம் பார்ப்பார்கள். குலையைக் கத்தரித்து, மருந்தில் முக்கி, கூலி ஆள் வைத்து அழகு பார்க்க வேண்டும். ஒயின் திராட்சைக்கு அந்த அலங்காரம் வேண்டாம். ஆலை பார்ப்பது பிரிக்ஸ், அதாவது சாற்றில் இருக்கும் சர்க்கரை. சுமார் 23 பிரிக்ஸில் அறுத்தால் 13 சதவீத ஒயின் வரும். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் போதும். விலை முன்பே பேசியது. வெளிச் சந்தையில் விலை விழுந்தாலும் இவருக்குப் பாதிப்பில்லை, ஆலை சொன்ன சொல்லைக் காப்பாற்றும்வரை.

அந்தக் கடைசி நிபந்தனைதான் 2009 வாக்கில் உடைந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஆலைகள் கடகடவென்று பெருகின, விவசாயிகள் வங்கிக் கடனில் கொடி நட்டார்கள். 2008-இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஹோட்டல்களும் சுற்றுலாவும் படுத்தன. தொட்டிகளில் விற்காத ஒயின் தேங்கியது. பழம் எடுக்க மறுத்தார்கள், எடுத்ததற்குப் பணம் இழுத்தடித்தார்கள். பல விவசாயிகள் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாட்டுத் திராட்சைக்குத் திரும்பினார்கள். நண்பரின் வீட்டிலும் அதே கதை. இரண்டு அறுவடைக்குப் பணம் வரவில்லை என்கிறார். கொடி பழம் தர இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பதால், பிடுங்கியதும் மறுபடி நட்டதும் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஐந்து வருஷ வருமானம் போனது. "அக்கா கல்யாணம் அதுலதான் தள்ளிப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

2022 ஜனவரி 27 அன்று மகாராஷ்டிர அமைச்சரவை, 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அலமாரியில் ஒயின் விற்க அனுமதிப்பதாக முடிவு செய்தது. விவசாயிகளின் வருமானம் உயரும் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார், அரசு மக்கள் கருத்தைக் கேட்கப் போவதாகச் சொல்லிப் பின்வாங்கியது. அந்த ஆண்டு நடுவில் ஆட்சியும் மாறியது. திட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

மளிகைக் கடையில் மது வந்தால் வீட்டுக்குள் அது சகஜமாகிவிடும் என்ற பெண்கள் அமைப்புகளின் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் விவசாயியின் பெயரைச் சொல்லி நடந்த அந்த விவாதத்தில், ஒப்பந்தத்தை ஆலை மீறினால் விவசாயிக்கு என்ன பாதுகாப்பு என்ற பேச்சு எவ்வளவு வந்தது என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். அலமாரி எங்கே இருக்க வேண்டும் என்பதிலேயே எல்லோர் கண்ணும்.

மழை விட்ட பிறகு கிளம்பினோம். நண்பர் ஷெனின் பிளாங்க் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார், அப்பாவிடம் காட்ட. அவருடைய வீடு வழியில்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு காகா, எங்களுக்குப் பிடிச்சிருந்தது" என்று நான் இந்தியில் சொன்னேன். தலையாட்டினார். மூடியைத் திருகித் திறந்து ஒருமுறை மோந்து பார்த்தார், மறுபடி மூடினார். பிறகு மகனிடம் மராத்தியில் இரண்டு கேள்வி கேட்டார். அவர்களுக்கு விற்காமல் தேங்கியிருக்கும் பழைய சரக்கு எவ்வளவு? போன வருஷம் பழம் கொடுத்தவர்களுக்கு எத்தனை நாளில் பணம் வந்தது?

நான்கு கிளாஸ், இருபது மார்க், ஒரு ரகசியச் சோதனை எல்லாம் நடத்திய எங்களில் ஒருவரும் ஆலையில் அதைக் கேட்டிருக்கவில்லை. திங்கட்கிழமை போய்க் கேட்டுவருவதாக நண்பர் சொன்னார்.